பழைய ஒர்க்ஸ்டேஷன், பழைய டேப்: வாசகர் கேள்வி-பதில்

தூக்கிப் போட மனமில்லை, ஓட்டிப் பார்க்கத் துணிவில்லை. இப்படிச் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூமில் பேக்கப் டேப்புகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் என்று தெரிகிறது. இந்த இதழ் அவர்களுடையது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். விசைப்பலகையில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: அப்பா கட்டட வரைபட அலுவலகம் நடத்தியவர். அவருடைய சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5-இல் 1990களில் எடுத்த கால் அங்குல டேப் காட்ரிட்ஜ்கள் பதினொன்று உள்ளன. மேலே டிசி6150 என்று போட்டிருக்கிறது. பழைய ஆர்ச்சிவ் வைப்பர் டிரைவ் ஒன்றை வாங்கி முதல் காட்ரிட்ஜைப் போட்டேன். ஐந்து வினாடி சத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் டேப்பின் நுனி சுருளைவிட்டுக் கழன்று கிடக்கிறது. அடுத்ததைப் போட்டுப் பார்க்கலாமா?
– அங் மோ கியோ வாசகர்

பதில்: வேண்டாம், ஐயா. மிச்சம் பத்து இருக்கிறது. அவற்றைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். கழன்ற காட்ரிட்ஜிலும் டேட்டா பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இந்தக் காட்ரிட்ஜுக்குள் 620 அடி டேப் இருக்கிறது, கொள்ளளவு 150 மெகாபைட். டிரைவின் மோட்டார் சுருள்களைத் தொடுவதே இல்லை. டிரைவில் உள்ள ரப்பர் ரோலர், காட்ரிட்ஜின் முன்பக்கச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் உள்ளே இருக்கும் மெல்லிய பெல்ட்டை இழுக்கும். பெல்ட் இரண்டு சுருள்களின் மேலும் அழுந்தி ஓடி, டேப்பைத் தன்னோடு கொண்டுபோகும். டேப்பின் நுனி எந்தச் சுருளிலும் ஒட்டப்பட்டிருக்காது. நுனி நெருங்கும்போது டேப்பில் உள்ள சிறு துளைகளின் வழியே வரும் ஒளியைப் பார்த்து டிரைவ் நிறுத்த வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தாலோ சென்சாரில் தூசி படிந்திருந்தாலோ நிறுத்தம் தவறும், டேப் கழன்று ஓடிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

முதலில் டிரைவைப் பாருங்கள். மேல்மூடியைக் கழற்றி ரோலரை விரல் நுனியால் தொடுங்கள். கறுப்புப் பிசின்போல ஒட்டினால் ரப்பர் இளகிவிட்டது என்று பொருள். இந்த வயது டிரைவ்களில் இளகாததுதான் அதிசயம். அந்தப் பிசின் காட்ரிட்ஜின் சக்கரத்தில் ஒட்டும், அங்கிருந்து பெல்ட்டுக்குப் போகும், பெல்ட்டிலிருந்து டேப்புக்கே வந்துவிடும். மரக்குச்சியால் சுரண்டி, மிச்சத்தை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். ஆல்கஹால் மோட்டார் தண்டு வழியே பேரிங்குக்குள் இறங்காதபடி டிரைவைச் சாய்த்துப் பிடிக்கவும். பிறகு, உலோக அச்சில் இறுக்கமாக ஏறும் சிலிக்கான் அல்லது நியோபிரீன் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டலாம். வெளிவிட்டம் பழைய ரோலரின் அளவுக்கு நெருங்கி இருக்க வேண்டும். மோட்டாரின் சுற்று வேகம் மாறாது. ஆகவே ரோலர் பருத்தால் டேப் வேகமாக ஓடும், மெலிந்தால் மெதுவாக ஓடும். சிறு வித்தியாசத்தை டிரைவ் சமாளிக்கும், பெரிதானால் படிக்காது. வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். குழாயும் ஆல்கஹாலும் மற்ற சாமான்களும் சிம் லிம் டவரில் தேடினால் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, எதிரே இருக்கும் டவர்.

அடுத்தது பெல்ட். இதில்தான் பலரும் டேட்டாவை இழக்கிறார்கள். முப்பது ஆண்டு ஒரே இடத்தில் அழுந்தி நின்ற பெல்ட், டேப்பின் வெளிச்சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் மோட்டார் இழுத்தால் காந்தப் பூச்சு உரிந்து பெல்ட்டோடு போய்விடும், டேப்பில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பட்டை தெரியும். எனவே எந்தப் பழைய காட்ரிட்ஜையும் டிரைவில் போடுவதற்கு முன்பே திறந்து பெல்ட்டை மாற்றுங்கள். அலுமினிய அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினால் பிளாஸ்டிக் மூடி தனியே வரும். பெல்ட்டை இழுத்துப் பிடுங்கக் கூடாது. ஒரு முனையிலிருந்து, காயத்தின் பிளாஸ்திரியை எடுப்பதுபோல, மெதுவாக மடக்கி எடுங்கள். மாற்று பெல்ட்டுக்கு, அதே அளவுள்ள, பிற்காலத்தில் தயாரித்த காட்ரிட்ஜை வாங்கி அதன் பெல்ட்டைப் பயன்படுத்துவது நல்லது. இழுபடும் தெளிவான பிளாஸ்டிக் பட்டைகளை மாட்டியும் படிக்கிறார்கள். அது ஓரிரு ஓட்டத்துக்கு மட்டும் போதுமான ஏற்பாடு.

கழன்ற நுனியை மீண்டும் ஏற்ற, நுனியைக் காலிச் சுருளின் மேல் படிய வைத்து, பெல்ட்டை அதன் மேல் அழுந்தவிட்டு, முன்பக்கச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். பெல்ட்டே நுனியைப் பிடித்துக்கொள்ளும். துளைகள் எல்லாம் தாண்டும்வரை கையால் சுற்றிய பிறகே மூடியைப் பூட்டவும். டேப்பின் பளபளப்பில்லாத பக்கம் எது, எந்தச் சுருளில் எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று திறந்தவுடன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நினைவு கைகொடுக்காது.

டேட்டா இல்லாத வெற்றுக் காட்ரிட்ஜ் ஒன்றில் முழு நீளமும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அப்பாவின் காட்ரிட்ஜ். அதையும் படிக்கத் தொடங்குமுன் ஒருமுறை ரீடென்ஷன் (retension) செய்யுங்கள். அதாவது நுனியிலிருந்து நுனிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுவது. டேப் டிரைவை இயக்கும் எம்டி கட்டளையில் இதற்குத் தனிச்சொல்லே இருக்கிறது.

கேள்வி: ஸ்பார்க்ஸ்டேஷனின் பின்பக்கத்தில் வெளி டாட் (சிறு கேசட் வகை டேப்) டிரைவ் ஒன்றை மாட்டினேன். ஸ்கசி கம்பியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் புரோப்-ஸ்கசி கொடுத்தால் சில நேரம் டிரைவ் தெரிகிறது, சில நேரம் வட்டுகூடக் காணாமல் போகிறது.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் முதல் சந்தேகம், கம்பியின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் மேல். ஸ்கசி கம்பியின் இரு முனைகளிலும், இரு முனைகளில் மட்டும், டெர்மினேட்டர் இருக்க வேண்டும். கணினிப் பக்கம் தானாகவே இருக்கும். வெளி டிரைவின் இரண்டாவது துளையில் நீங்கள் ஒன்று செருக வேண்டும். டிரைவுக்குள்ளும் ஜம்பர் மூலம் ஒன்று இயக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து தொல்லை கொடுக்கும். டெர்மினேட்டருக்கு மின்சாரம் தரும் சிறு ஃபியூஸ் எரிந்திருந்தாலும் இதே குணம்தான். 68 பின் டிரைவை 50 பின் கம்பியில் மாட்டியிருந்தால், மேல் எட்டு பிட்டுகளையும் முடித்துவைக்கும் அடாப்டர் வேண்டும்.

அடுத்தது ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய ஸ்கசி எண். சன் பழக்கத்தில் வட்டு 3, சிடிராம் 6, கணினி 7. டேப்புக்கு 4 அல்லது 5. சன்னின் பழைய இயங்குதளமான சன்ஓஎஸ் 4-இன் ஜெனரிக் கெர்னல் முதல் டேப்பை 4-இல்தான் தேடும். அதற்குப் பிந்திய சோலாரிஸ் என்றால் புதிய டிரைவை மாட்டியபின் பூட் மைனஸ் ஆர் கொடுத்துக் கிளப்புங்கள், இல்லாவிட்டால் டிவைஸ் கோப்பே உருவாகாது. சன் முத்திரை இல்லாத டிரைவ் என்றால் எஸ்டி.கான்ஃப் கோப்பில் அதன் விவரம் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சில டிஎல்டி (அரை அங்குல டேப்) டிரைவ்கள், சிக்னலை வேறு மின் முறையில் அனுப்பும் டிஃபரன்ஷியல் வகை. செருகி ஒன்றுபோலவே இருக்கும். உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் டிரைவைச் சாதாரணத் துளையில் மாட்டினால் இரண்டு பக்கமும் பழுதாகலாம். பின்பக்கச் சின்னத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் ஏழு பார்ட்டிஷனை வரிசையாக டம்ப் (முழு பார்ட்டிஷனையும் டேப்புக்கு எழுதும் கட்டளை) செய்கிறது. பிழை எதுவும் வருவதில்லை. டேப்பில் கடைசி ஒன்றுதான் இருக்கிறது.
– பிடோக் வாசகி

பதில்: டிவைஸ் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது, அம்மா. ஆர்எஸ்டி0 என்று எழுதினால் ஒவ்வொரு டம்ப் முடிந்ததும் டேப் தொடக்கத்துக்கே சுற்றிக்கொள்ளும். அடுத்த டம்ப் முந்தையதன் தலையிலேயே எழுதும். முன்னால் ஒரு ‘என்’ சேர்த்து என்ஆர்எஸ்டி0 ஆக்குங்கள். சோலாரிஸில் 0 என்பதை 0என் ஆக்குங்கள். லினக்ஸில் எஸ்டி0 அல்ல, என்எஸ்டி0. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஒரு ரீவைண்ட், கடைசி வரியில் ஒரு ரீவைண்ட், நடுவில் எங்கும் வேண்டாம்.

மூன்றாவது பார்ட்டிஷனை மீட்க, ரீவைண்ட் செய்து, எம்டி கட்டளையில் எஃப்எஸ்எஃப் 2 கொடுத்தால் அதன் வாசலில் நிற்பீர்கள். 3 அல்ல, 2. எண்ணிக்கை நீங்கள் தாண்டும் கோப்புகளுக்கானது; டேப்பில் ஒவ்வொரு டம்ப்பும் ஒரு கோப்பு. டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் கட்டளை) மூலம் ஒரு கோப்பைப் படித்து முடித்தபின் அடுத்ததைக் கேட்டால் வெறுமையாக வரும். டார் முடிவுக் குறியைத் தாண்டாமல் நின்றிருக்கும். எஃப்எஸ்எஃப் 1 கொடுத்தால் நகரும். இன்னொன்று: நடுவில் உள்ள ஒரு கோப்பின் மேல் மறுபடி எழுதினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் போய்விட்டதாகவே கொள்ளுங்கள். எழுதி முடித்த இடத்தில் டிரைவ் முடிவு குறித்துவிடும், அதைத் தாண்டிப் படிக்கச் சாதாரண வழியில்லை.

பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே டம்ப் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். கோப்புப் பட்டியலை ஒரு நேரமும் உள்ளடக்கத்தை வேறொரு நேரமும் அது படிப்பதால், இடையில் மாறிய கோப்பு உடைந்து வரும். ஒற்றைப் பயனர் நிலையில் எடுப்பதுதான் முறை.

கேள்வி: டிடிஎஸ்-3 (டாட் வகையின் மூன்றாம் தலைமுறை) டிரைவை லினக்ஸ் கணினியில் மாட்டி அலுவலகத்தின் பழைய டேப்புகளைப் படிக்கப் பார்க்கிறேன். டிரைவ் சுற்றுகிறது. ஆனால் ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று டார் நிற்கிறது. கணினியில் 16 ஜிகாபைட் ரேம் இருக்கிறது!
– தெம்பனீஸ் வாசகர்

பதில்: ரேமுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டேப்பில் உள்ள ஒரு பிளாக், அதாவது ஒரே வீச்சில் எழுதிய டேட்டாத் துண்டு, நீங்கள் கேட்ட அளவைவிடப் பெரியது. டேப்பில் பாதி பிளாக் படிப்பது என்பது கிடையாது. முழுசாக வாங்கக் கை பெரிதாக இருக்க வேண்டும்.

எம்டி-எஸ்டி தொகுப்பை நிறுவிக்கொண்டு, எம்டி கட்டளையில் செட்பிளாக் (setblk) 0 கொடுங்கள். டிரைவ் மாறும் அளவு பிளாக் முறைக்கு வரும். டேப்பை ரீவைண்ட் செய்து, டேட்டாவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் பிஎஸ் 256கே, கவுண்ட் 1 என்று கொடுத்து ஒரே ஒரு பிளாக்கைக் கோப்பில் எடுங்கள். அந்தக் கோப்பு எத்தனை பைட் இருக்கிறதோ அதுதான் பிளாக் அளவு. 10240 என்றால் டாரின் வழக்கமான 20 மடங்கு. 32768 என்றால் 64 மடங்கு. 64512 என்றால் 126 மடங்கு, இது சன் காட்ரிட்ஜ்களுக்கே உரிய கணக்கு. மடங்கு என்பது 512 பைட்டின் மடங்கு. அந்த எண்ணை டாரின் பி (b) தெரிவில் கொடுத்தால் படிக்கும். முதல் கேள்வியில் வந்த கால் அங்குல 150 மெகாபைட் டிரைவ்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்கு மாறும் அளவு தெரியாது, செட்பிளாக் 512 கொடுக்க வேண்டும்.

ஆனால் டாரை நேரடியாக டேப்பில் ஓட்டுவதே எங்களுக்குப் பிடிக்காத வழக்கம். பழைய டேப் எத்தனை முறை ஓடும் என்று யாருக்குத் தெரியும்? முதல் ஓட்டத்திலேயே டிடி மூலம் கோப்பு கோப்பாக வட்டுக்கு இறக்கிவிடுங்கள். என்எஸ்டி0-இலிருந்து பிஎஸ் 256கே வைத்து முதல் கோப்பு, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் இரண்டாவது கோப்பு, இப்படியே பூஜ்ஜிய பைட் வரும்வரை. அப்புறம் டாரோ, டம்ப்பை மீட்கும் ரெஸ்டோரோ எதுவானாலும் வட்டில் உள்ள பிரதியில் விளையாடுங்கள். சன் கணினியில் எடுத்த டம்ப்பை லினக்ஸின் ரெஸ்டோர் பைட் வரிசையைத் தானே மாற்றிப் படித்துக்கொள்ளும்.

நோஎரர், சிங்க் என்று இரண்டையும் டிடியில் சேர்க்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். வட்டுக்கு அது சரி. டேப்பில் சிங்க் சேர்த்தால் 10240 பைட் பிளாக் ஒவ்வொன்றையும் 256கே வரை பூஜ்ஜியத்தால் நிரப்பி வைக்கும், டார் குழம்பிப்போகும். பிழை வந்த இடத்தில் நின்றால், அதுவரை வந்ததைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, எஃப்எஸ்ஆர் 1 கொடுத்து ஒரு பிளாக் தாண்டி, அடுத்த கோப்பாகத் தொடருங்கள்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினியில் எழுதிய டேப் ஏதேனும் இருந்தால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. பிளாக் சரியாக வரும், ஆனால் ‘இது டார் கோப்பே இல்லை’ என்று சொல்லும். இறக்கிய கோப்பின் முதல் நூறு பைட்டைத் திறந்து பாருங்கள். கோப்புப் பெயரில் 1992 என்று இருக்க வேண்டிய இடத்தில் 9129 என்று இருந்தால் இரண்டிரண்டு பைட்டாக இடம் மாறியிருக்கிறது. டிடியின் கான்வ் ஸ்வாப் (conv=swab) தெரிவு அதைத் திருப்பிப் போட்டுவிடும்.

கேள்வி: டிடிஎஸ் டேப்புகளில் 60, 90, 120, 125 என்று பல எண்கள். எல்லாவற்றையும் ஒரே டிரைவில் படிக்க முடியுமா? மஞ்சள் விளக்கு மினுக்கினால் டிரைவ் போய்விட்டதா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: எண்கள் டேப்பின் நீளம், மீட்டரில். 60, 90 டிடிஎஸ்-1. 120 டிடிஎஸ்-2, 4 ஜிகாபைட். 125 டிடிஎஸ்-3, 12 ஜிகாபைட். 150 என்று கண்டால் டிடிஎஸ்-4, 20 ஜிகாபைட். முதல் மூன்று தலைமுறைக்கும் டிடிஎஸ்-3 டிரைவ் ஒன்று போதும். ‘புதியது நல்லது’ என்று டாட் 72 டிரைவ் வாங்கினால் டிடிஎஸ்-3, டிடிஎஸ்-4 படிக்கலாம், அதற்கு முந்தியவை அதில் ஓடாது. 120 மீட்டர் டேப் மெல்லியது. அதை ஆதிகால டிடிஎஸ்-1 டிரைவில் போட்டுக் கசக்கிவிடாதீர்கள்.

மினுக்கும் விளக்கு பெரும்பாலும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு என்பதற்கான அறிவிப்பு. 25 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிளீனிங் காட்ரிட்ஜ் போடுவது வழக்கம். பழைய டேப்புகள் துகள் உதிர்ப்பதால் இப்போது மூன்று நான்கு டேப்புக்கு ஒருமுறை போட்டாலும் தப்பில்லை. கிளீனிங் காட்ரிட்ஜ் சுற்றிய பகுதியைத் திரும்பப் பயன்படுத்தாது. ஏறக்குறைய 50 முறையில் தீர்ந்துவிடும், அதன்பின் போட்டால் டிரைவ் துப்பிவிடும். சுழலும் உருளையைப் பஞ்சுக்குச்சியால் தேய்க்காதீர்கள். பஞ்சு இழை ஹெட்டின் விளிம்பில் சிக்கி அதை உடைத்துவிடும்.

கேள்வி: நெட்வொர்க் வழியாக டிஎல்டி 4000-க்கு எழுதும்போது டேப் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது சரியா?
– செங்காங் வாசகர்

பதில்: சரியில்லை. அந்த டிரைவுக்கு வினாடிக்கு 1.5 மெகாபைட் வேண்டும். 10 மெகாபிட் ஈதர்நெட் ஏறக்குறைய 1 மெகாபைட்டுக்கு மேல் தராது. டேட்டா தீர்ந்ததும் டிரைவ் நின்று, பின்னால் போய், மறுபடி வேகமெடுத்து வருகிறது. ஹெட்டும் டேப்பும் வீணாகத் தேய்கின்றன. டிரைவ் இருக்கும் கணினியின் வட்டில் முதலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து டேப்புக்கு எழுதுங்கள்.

கேள்வி: டேப்புகளை எங்கே வைப்பது? ஸ்டோர் ரூமில் இருந்த சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை.
– புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். டேப்பின் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை அந்த ஈரத்தை உறிஞ்சிச் சிதையும். ஹெட்டில் பிசுபிசுவென ஒட்டும், ஓடும்போது கீச்சென்று சத்தம் வரும். கேமரா வைக்கும் உலர் பெட்டி இதற்குப் போதும். 40 சதவீதத்தில் வையுங்கள். குளிர்சாதன அறையில் பகலெல்லாம் குளிர், இரவில் அணைப்பு என்று வைப்பதைவிட ஒரே சூட்டில் இருக்கும் பெட்டி மேல். குளிர்பதனப் பெட்டி கூடவே கூடாது, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே பிரித்து மூடி வையுங்கள். ஒன்றை டிரைவில் போட்டால் அந்த டிரைவ் வழியே எல்லா டேப்புக்கும் பரவும். உலர் பெட்டியில் சில வாரம் காயவிட்டு, முகக்கவசத்தோடு, ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்கம் அருகில் ஓட, மென்தூரிகையால் வெளிப்புறத்தைத் துடைக்கலாம். சுருளின் இடுக்கில் வெண்ணூல் தெரிந்தால் நீங்கள் தொடாதீர்கள், மீட்பு நிபுணரிடம் போக வேண்டிய டேப் அது. உலர் பெட்டியிலிருந்து எடுத்த எந்த டேப்பையும் டிரைவ் இருக்கும் அறையில் ஒருநாள் வைத்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: பேக்கப்பிலிருந்து எல்லாம் மீட்டாகிவிட்டது. ஆனால் வரைபட மென்பொருள் ‘உரிமம் இல்லை’ என்கிறது. சன் கணினியும் கிளம்பும்போது ஐடிபிராம் (அதன் அடையாள விவரங்கள்) செல்லாது என்கிறது.
– ஈசூன் வாசகர்

பதில்: டேப்பின் குற்றமல்ல. மதர்போர்டில் எம்48டி வரிசைச் சிப் ஒன்று இருக்கும், அதன் பேட்டரி அதற்குள்ளேயே புதைந்திருக்கும். அது தீர்ந்ததும் கணினியின் அடையாள எண்ணான ஹோஸ்ட் ஐடியும் ஈதர்நெட் முகவரியும் மறந்துபோகும். உரிமம் அந்த ஹோஸ்ட் ஐடிக்குத்தான் கொடுக்கப்பட்டது. பழைய அச்சுப் பதிவிலோ, உரிமக் கோப்பிலோ, பேக்கப்பில் உள்ள லாக் கோப்புகளிலோ அந்த எண்ணைத் தேடி எடுங்கள். புதிய சிப் வாங்கிச் செருகி, இயங்குதளம் ஏறுமுன் வரும் ஓகே பிராம்ப்டில் எண்ணை ஒவ்வொரு பைட்டாக எழுதலாம். கணினி இன்னும் நன்றாக ஓடும் வாசகர்கள் இன்றே ஹோஸ்ட்ஐடி கட்டளையைக் கொடுத்து விடையைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: எல்லா டேப்பையும் வட்டுக்கு மாற்றிவிட்டேன். டிரைவை 80 வெள்ளிக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
– பொங்கோல் வாசகர்

பதில்: எழுதிய டிரைவே அதுவா, வேறா? எழுதிய டிரைவ் என்றால் சற்றுப் பொறுங்கள். ஹெட் கொஞ்சம் கோணலான டிரைவ் தான் எழுதியதைத் தானே ஒழுங்காகப் படிக்கும், வேறு டிரைவில் அதே டேப் படியாது. இறக்கிய கோப்புகள் ஒவ்வொன்றையும் டார் பட்டியல் எடுத்துக் கடைசிக் கோப்புவரை வருகிறதா என்று பாருங்கள். டம்ப் என்றால் ரெஸ்டோரின் டி (t) தெரிவு. பட்டியல் பாதியில் அறுந்தால் அந்த டேப்பை அதே டிரைவில் இன்னொரு முறை படிக்க வேண்டும். எல்லாம் வந்து, வட்டின் இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருந்தால், 80 வெள்ளியை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே டேப் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.